திட்டுப் பக்கம்

தங்களைத் திட்டச் சொல்லி மனிதர்கள் ஏன் வேலை மெனக்கெட்டு எழுதி அனுப்புகிறார்கள் என்பது மருமகளுக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு, அவர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

வாரப் பத்திரிகையில் கடைசிக்கு முந்தின பக்கம் அது. தலைப்பில் 'ஆங்கில ஐயங்கள்' என்றுதான் அச்சாகும். படிக்கிறவர்களுக்கு அது திட்டுப் பக்கம். 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதலாமா என்று ஒரு வங்கி மேலாளர் கேட்டிருப்பார். 'நாற்காலியின் மேல் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்காரும் பழக்கம் உங்கள் கிளையில் இருக்குமானால் தாராளமாக எழுதலாம்' என்று பதில் வரும். 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று எழுதியதில் என்ன குற்றம் என்று ஒரு இன்ஜினியர் கேட்டிருப்பார். 'இருவரையும் தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர் என்று தெரிகிறது. மிச்சம் மீதி இருந்தால் அவர்களிடம் என் அனுதாபத்தைச் சொல்லவும்.'

திட்டு வாங்கியவர்கள் அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார்கள். ஒரு கல்லூரி முதல்வர், தன் அறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சுவரைக் காட்டி, "ஐயாகிட்டயே வாங்கியிருக்கேன்" என்பாராம். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வாயால் முட்டாள் என்று பெயர் வாங்கிவிட்டால், அந்தப் பெயர்கூடக் கிடைக்காத மற்ற எல்லோரையும் விட ஒரு படி உயர்ந்துவிட்டதாக நினைப்பு. மேலே இருப்பவன் உமிழ்வது கீழே இருப்பவன் மேல் விழுந்தால், கீழே இருப்பவன் அதைப் பன்னீர் என்று துடைக்காமல் வைத்துக்கொள்கிற கதை.

பதில் எழுதியவர் அவளுடைய மாமனார். பெரிய கம்பெனி ஒன்றின் கடிதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'கிராமர்' என்று பெயர். "கிராமர் வர்றாரு" என்றால், கடைவாசலில் சத்தமாக ஆங்கிலம் பேசிக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று தமிழுக்கு மாறிவிடுவார்கள். கண் மங்கிய பிறகு அவர் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதினாள். உட்கார்ந்து எழுத அந்த வீட்டில் அவளுக்கு இடம் கிடையாது. பின்கட்டில் இஸ்திரி மேசை உண்டு. அதன் ஒரு முனையில் துணி, மறுமுனையில் தாள். அவர் உள்ளே சாய்வு நாற்காலியிலிருந்து சத்தமாகச் சொல்வார். அவள் நின்றபடியே எழுதுவாள். ஒரு சொல்லை விட்டுவிட்டால் "மண்டு" என்பார். கல்யாணமான புதிதில், அவளுடைய அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே "உங்க பொண்ணு டிகிரிய எந்தக் கடையில வாங்கினா?" என்று கேட்டவர். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மன்னிக்கவில்லை, கேட்டவரைக்கூட மன்னித்துவிடலாம்.

மழைக்காலத்தில் ஒரு காலை, குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டது. கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. தண்ணி, வலிக்குது, லைட்டைப் போடு. ஆங்கிலம் திரும்பவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. இங்கிலீஷ் பேப்பரைக் காட்டினால் கோலமோ கோடோ என்று பார்ப்பது போலப் பார்த்தார்.

"சில பேருக்கு இப்படி ஆகும்மா. பின்னாடி கத்துக்கிட்ட பாஷை மொத்தமா போயிடும்" என்றார் டாக்டர்.

"வருமா டாக்டர்?" என்று கேட்டாள் அத்தை.

"வரலாம். வராமலும் போகலாம்."

"இதைச் சொல்லத்தான் இத்தனை படிப்பா?" என்று வெளியே வந்து முணுமுணுத்தாள் அத்தை. பிறகு மருமகள் பக்கம் திரும்பி, ஏற்கெனவே முடிவான ஒன்றைச் சொல்வது போல, "இந்த வாரத்துக்கு நீயே எழுதி அனுப்பிடு" என்றாள்.

"நானா? பத்திரிகைக்குச் சொல்ல வேணாமா அத்தை?"

"என்னன்னு சொல்லுவ? கிராமருக்கு ஏபிசிடி மறந்துபோச்சுன்னா? அந்த மனுஷன் செத்தாலும் பரவாயில்ல, அதை மட்டும் யாரும் சொல்லக்கூடாது. இவ்வளவு நாளா உன் கையெழுத்துலதானே போகுது? யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் எழுதினாள். விதிகள் அவளுக்குத் தெரியும். அத்தனை வருஷம் சொல்லக் கேட்டு எழுதியவளுக்குத் தெரியாமல் போகுமா? அவர் தடுமாறிய இடங்களில் அகராதியைப் புரட்டி நேராக்கியதும் அவள்தான். 'சின்ஸ்' எங்கே, 'ஃபார்' எங்கே என்று கேட்டவருக்கு நிதானமாக விளக்கினாள். தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ்', எவ்வளவு காலம் என்று சொன்னால் 'ஃபார்'. உங்கள் கேள்வி நல்ல கேள்வி, பலருக்கும் வருகிற குழப்பம்தான் என்று முடித்தாள்.

அடுத்த வாரம் குவிந்த கடிதங்களில் ஒன்றில் இப்படி இருந்தது: 'ஐயாவுக்கு உடம்பு சுகமில்லையா? என்னை மன்னித்துவிட்டார். வீட்டில் எல்லோரும் கவலையாக இருக்கிறோம்.' பத்திரிகையிலிருந்தும் ஃபோன் வந்தது. ஆசிரியர் அத்தையிடம், "ஐயா எழுத்துல ஒரு மாதிரி சோர்வு தெரியுதும்மா, பார்த்துக்குங்க" என்றார்.

அன்று மாலை அத்தை பின்கட்டுக்கு வந்து, ஈரத் துணிகளுக்கு நடுவே நின்று அந்தப் பக்கத்தை நீட்டினாள்.

"இதைப் படிச்சா ஆஸ்பத்திரி நர்ஸு பேசுற மாதிரி இருக்கு. அவரு இப்படியா எழுதுவாரு? கொஞ்சம் காரம் போடு."

"எனக்குத் திட்ட வராது அத்தை."

"வராதா? இத்தனை வருஷமா அவர்கிட்டயும் எங்கிட்டயும் வாங்கினதையெல்லாம் எங்க வச்சிருக்க? எடுத்துக் குடு."

அத்தை அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். மருமகளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தனக்குள்ளே பார்த்தாள். இருந்தது. ஒன்றுகூடக் கெட்டுப்போகாமல், அடுக்கி வைத்தது போல இருந்தது. விழுங்கியதெல்லாம் செரித்துவிட்டது என்று நினைத்திருந்தாள். எதுவும் செரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்யும் முறை ஒன்று உருவானது. முதலில் பதிலை மட்டும் எழுதுவாள், வெள்ளையாக, உப்பில்லாத கஞ்சி மாதிரி. பிறகு துணி துவைக்கப் போவாள், மாமாவுக்குப் படுக்கை விரிப்பு மாற்றுவாள், அவர் உடம்பைத் துடைப்பாள், முட்டையை வேகவைத்து மசித்து ஊட்டுவாள். கைகள் அந்த வேலையில் இருக்கும்போது திட்டு தானாக ஊறி வரும். வந்ததும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, பதிலின் மேல் தாளித்துக் கொட்டுவாள்.

'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்று எழுதிய பேராசிரியருக்கு: 'பல பேரில் ஒருவர் என்றால் முதலில் பல பேர் வேண்டும். ஒரே ஒரு பூண்டுப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு இதில் ஒன்றை எடு என்று சொல்கிறவரோடு எந்த நண்பரும் தங்கமாட்டார்.' 'ரிவர்ட் பேக்' சரியா என்ற மேனேஜருக்கு: 'கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவும் வீடு உங்களுடையது. உங்கள் வீட்டுக் குழாய்க்காக வருந்துகிறேன்.' ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாக எழுதி, இதில் பிழை உண்டா என்று கேட்ட வக்கீலுக்கு: 'உங்கள் வாக்கியம் பிழியாமல் கொடியில் போட்ட போர்வை. கீழே நிற்பவன் தலையில் சொட்டுகிறதே தவிர காய்கிற வழியைக் காணோம்.'

கடிதங்கள் இரட்டிப்பாயின. 'வயதாக ஆக ஐயா கூர்மையாகிறார்' என்று ஒருவர் எழுதினார். 'ஐயாவின் பேனாவில் புது விஷம்' என்று ஒருவர் மெச்சினார். அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பக்கத்தின் மூலையில் மாமாவின் படம், கோட்டுப் போட்ட பழைய படம், அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு இறுக்கமாகப் பார்த்தது. உள்ளே, அந்தப் படத்துக்குரியவர் வாயோரம் வழிந்த கஞ்சியோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதெல்லாம் அவள், பேர் வாங்குவதெல்லாம் அவர். இது அவளை எந்தக் கேள்விக் கடிதமும் அரிக்காத அளவுக்கு அரித்தது.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"அத்தை, கீழே சின்னதா என் பேரையும் போடச் சொன்னா என்ன?"

"உன் பேரா?" அத்தை உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "உன் பேரைப் பார்த்து யாரு பயப்படுவா?"

"நான் எழுதினதுக்குத்தானே இப்ப பயப்படுறாங்க?"

"அது அவரு பேருக்குப் பயப்படறது. நீ எழுதினேங்கிறது நமக்குத் தெரியும், போதாதா? வீட்டுக்குள்ள என்ன உன் பேரு என் பேருன்னு."

வீட்டுக்குள் பேர் எல்லாருக்கும் பொதுதான். பாத்திரம் மட்டும்தான் அவளுடையது என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை. சொல்லாததெல்லாம் அந்த வாரப் பக்கத்தில் யார் தலையிலாவது இறங்கியது.

பக்கத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கட்டடங்களின் அடியில் குழிக்குள் நின்று, கயிறும் கிரீஸுமாகக் கிடந்துவிட்டு வருவான். வந்து கை கழுவும்போது வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவான். அதுதான் அவன் சந்தோஷம்.

"புது பில்டிங்ல சூப்பர் செட்டிங் வச்சிருக்காங்க. கரண்ட் போச்சுன்னா லிஃப்ட் ஆட்டோமேட்டிக்கா தானா கீழ வந்து நின்னுடும்."

"ஆட்டோமேட்டிக்குன்னாலே தானாதான். ஒரே விஷயத்துக்கு ரெண்டு ஆளு வச்சிருக்கீங்களா உங்க கம்பெனியில?"

அவன் சோப்பைக் கீழே வைத்தான். "நாள் முழுக்க குழியில நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா இங்க ஒரு குழி தோண்டி வச்சிருக்க."

"சொன்னதுல தப்பு இருந்தா சொல்லுங்க."

"தப்பு இல்ல. உங்கிட்ட எப்ப தப்பு இருந்திருக்கு? அப்பா படுத்துட்டாரேன்னு பார்த்தேன். அவரு எங்கயும் போகல. இங்கதான் புடவை கட்டிக்கிட்டு நிக்கிறாரு."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் லிஃப்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டான். அந்த மௌனம் அவளுக்குத் தெரிந்தது. வருத்தப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் நாள் முழுக்கக் கூர் தீட்டிய கத்தியை மாலையில் எங்கே போய் மழுங்கடிப்பது? வேண்டுமென்று திட்டுகிறாளா, பழக்கத்தில் திட்டுகிறாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். திட்டும்போது முதுகு நேராகிறது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் முதுகு அப்படி நேராக இருந்ததில்லை.

பத்திரிகை வரும் நாளில் அதை மாமாவுக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. "அவரு எழுத்துதானே, கேட்டா தெம்பா இருக்கும்." அப்படித்தான் அந்த வக்கீலுக்கான பதிலை அவர் கட்டிலருகே உட்கார்ந்து படித்தாள். போர்வையைப் பற்றிய இடத்தில் குரலை ஏற்றினாள். தன் வரியைத் தானே ரசித்துப் படிக்கிற சுகம். நிமிர்ந்தபோது அவர் தலையணையைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் ஒதுங்கியிருந்தார்.

"பாவம்மா" என்றார், சொற்களைத் தேடித் தேடி. "அந்த ஆளு... தெரியாமத்தானே... கேட்டாரு?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாவமாம். இத்தனை வருஷமும் இந்தப் 'பாவம்' எங்கே போயிருந்தது? மூளையில் ஒரு நரம்பு வெடித்தால்தான் வெளியே வருமா அது? வருகிறவர் போகிறவரையெல்லாம் மிதித்து நடந்துவிட்டு, கால் விழுந்ததும் மண் பாவம் என்கிறார். கெட்டவராகவே இருந்து தொலைத்திருக்கலாம். வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும். இப்போது பார்த்தால் பச்சைக் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார்.

"தெரியாமக் கேட்டா, தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும் மாமா" என்று பேப்பரை மடித்தாள்.

"நீ திட்டாத" என்றார் அவர். யாரைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

வெயில் ஏறி, தெருவில் தார் இளகும் காலத்தில் ஒரு மத்தியானம் ஆசிரியர் சொல்லாமல் வந்தார். மருமகள் மாடியில் இருந்தாள். மாமா இரவில் நனைத்த கனமான போர்வையைத் துவைத்து, ஒரு முனையைக் கம்பியில் கட்டி மறுமுனையை முறுக்கிக்கொண்டிருந்தாள். தனி ஆளாகப் போர்வை பிழிவது சாதாரணமில்லை. எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் தண்ணீர் தங்கிவிடும். கைப்பிடிச் சுவரில் போட்டதும் அது கீழே வாசலில் கொட்டியது. அங்கே நின்று காலிங்பெல்லைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு மேலே பார்த்தார்.

"ஐயோ, சாரி சார். தெரியல."

அவர் கோபப்படவில்லை. போர்வையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் கணக்கு ஒன்று முடிந்த திருப்தி வந்தது.

"போன மாசம் இதைத்தானே படிச்சேன்" என்றார்.

முன்னறையில் அவரை உட்காரவைத்தார்கள். அத்தை அவசரமாக மாமாவின் சட்டைப் பொத்தான்களைப் போட்டு, தலையை வாரி, தலையணைகளை அண்டக்கொடுத்து நிமிர்த்தினாள். "லேசா ஜுரம் தம்பி, அதான் படுத்திருக்காரு" என்று ஆரம்பித்தாள். ஆசிரியர் கட்டிலருகே போய்க் குனிந்து, "ஹவ் ஆர் யூ சார்?" என்றார்.

மாமா அவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மருமகளிடம், "என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார்.

அத்தை முகத்தை அப்படி யாரும் பார்த்ததில்லை. உடுத்திய துணி நழுவியவள் போல இருந்தாள்.

"சாப்பிட்டீங்களான்னு கேக்குறாரு மாமா."

"சாப்பிட்டேன்" என்றார் அவர் ஆசிரியரிடம், மரியாதையாக. "நீங்க?"

ஆசிரியர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். "எனக்குக் கொஞ்ச நாளாவே சந்தேகம்மா. பூண்டுப் பல்லுன்னு ஒண்ணு வந்துச்சு. பாத்திரம் கழுவறதுன்னு ஒண்ணு. ஐயா திட்டினா நாற்காலி வரும், ஃபைல் வரும், கோட்டு வரும். ஐயா எப்ப பாத்திரம் கழுவினாருன்னு யோசிச்சேன். மேலே பார்த்ததும் புரிஞ்சுபோச்சு."

"தம்பி, நாங்க ஏமாத்தணும்னு பண்ணல..." என்று இழுத்தாள் அத்தை.

"அட, நான் சண்டைக்கா வந்தேன்? பக்கம் இவ்வளவு நல்லா எப்பவும் போனதில்ல. எழுதுறது மேடம்தானே?" மருமகள் பக்கம் திரும்பினார். "உங்க பேரைப் போடறேன்."

அவள் புடவைத் தலைப்பில் ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பேரு மட்டும் இல்ல, போட்டோவும். தலைப்பையும் மாத்திடலாம். 'அக்காவிடம் கேளுங்கள்.' எப்படி இருக்கு?"

"அக்காவா?"

"ஆமா. டோனை மட்டும் கொஞ்சம் மாத்தணும். திட்டு வேணாம். அன்பா, சிரிச்ச முகமா. 'நல்ல கேள்வி தம்பி, பயப்படாதீங்க'ன்னு ஆரம்பிச்சு..."

"முதல்ல அப்படித்தான் சார் எழுதினேன். நீங்கதான் ஃபோன் பண்ணி, ஐயா எழுத்துல சோர்வு தெரியுதுன்னு சொன்னீங்க."

"அது ஐயா பேருல வந்த அன்பு. உங்க பேருல வர்ற அன்பு வேற."

"அப்ப ஐயா பேருல வந்த திட்டு, என் பேருல வந்தா?"

ஆசிரியர் சங்கடமாகச் சிரித்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் இருக்கும் தொல்லையே அதுதான், அவர்களுக்குத் தாங்கள் சொல்வது காதில் விழாது. "பாருங்க, ஐயா திட்டினா வாசகன் சிரிப்பான். பெரியவர் திட்டுறாருன்னு மாட்டி வச்சுக்குவான். அதையே ஒரு பொம்பளை சொன்னா, 'இவ புருஷன் பாவம்'னுதான் சொல்லுவான். நான் சொல்லலம்மா. ஜனங்க அப்படி."

"அதை நான் ஏற்கெனவே சொல்லிக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றது வாசலில் ஒரு குரல். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த லிஃப்ட்காரன், கிரீஸ் படிந்த கையை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். சிரிப்புக்காகச் சொன்னான். ஆசிரியர் மட்டும் சிரித்தார்.

"நீ சொல்லேன்" என்று அத்தை மகனைப் பிடித்துக்கொண்டாள். "பேரு மாறினா ஊரு என்ன பேசும்? கிராமருக்கு என்ன ஆச்சுன்னு வீடு தேடி வருவாங்க. வந்து இவரைப் பார்த்து இங்கிலீஷுல குசலம் விசாரிப்பாங்க. நான் எங்க கொண்டுபோய் வைப்பேன் இவரை?"

"அவதானேம்மா எழுதுறா. அவ பேரு வந்தா என்ன?" என்றான் அவன். மருமகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அன்பா எழுதச் சொல்றாரு. எழுதட்டுமே. எழுதி எழுதி வீட்டுலயும் கொஞ்சம் வந்தா நல்லதுதானே."

கேட்டது கிடைத்தும், அவளால் கை நீட்ட முடியவில்லை. கண்ணை மூடி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். மூலையில் அவள் படம், பல் தெரிகிற படம். கீழே அவள் பேர், கொட்டை எழுத்தில். அதன் கீழே, 'அன்புத் தம்பி, அருமையான கேள்வி. எனக்கும் சின்ன வயதில் இந்தக் குழப்பம் உண்டு.' அந்தப் படத்திலிருப்பவளை அவளுக்குத் தெரியும். அப்பா சிரித்தபோது கூடவே சிரித்தவள் அவள். மண்டு என்றபோது தலைகுனிந்து, விட்ட சொல்லைச் சேர்த்தவள். அவளுக்குப் பேரும் போட்டோவும் வேறா? அந்த மாதிரி அக்காக்கள் எல்லா வீட்டுப் பின்கட்டிலும் இலவசமாகவே கிடைக்கிறார்களே. பத்திரிகையில் வேறு வரவேண்டுமா?

இன்னொன்றும் தெரிந்தது, அவ்வளவு பெருமையாக இல்லாத ஒன்று. திட்டாமல் அவளால் இனி இருக்க முடியாது. வாரத்தில் ஒருமுறை யாரோ ஒரு வக்கீலை, மேலாளரை, பேராசிரியரைக் காலில் விழவைக்காமல், அடுத்த வாரத்தின் துணியைத் துவைக்க முடியாது. அவர்களும் விழுவதற்கு வரிசையில் நிற்கிறார்கள். அவர்களை நினைத்தால் அருவருப்பாக இருந்தது. அவர்கள் இல்லாமல் முடியாது என்பது அதைவிட.

"என் பேருல, இப்ப எழுதுற மாதிரியே எழுதினா போடுவீங்களா சார்?"

"கஷ்டம்மா."

"கஷ்டமா, முடியாதா? ரெண்டும் ஒண்ணு இல்லையே."

"முடியாது" என்றார் ஆசிரியர்.

"அப்ப பேரு அவர்கிட்டயே இருக்கட்டும் சார். திட்டு என்கிட்ட இருக்கட்டும்."

அத்தை நீளமாக மூச்சு விட்டாள். தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். புருஷன் கை கழுவப் போனான். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா இருக்கிற வரைக்கும்தான் இந்த ஏற்பாடு. இல்லாதவர் பேருல வாராவாரம் திட்ட முடியாது. அன்னைக்கு வந்து உங்க பேரைக் கேட்டா, அப்ப யாரு ஆசிரியரா இருப்பாங்களோ, என்ன சொல்லுவாங்களோ."

"தெரியும் சார்."

"தம்பி, அவரு கேட்டுக்கிட்டிருக்காரு" என்றாள் அத்தை.

"சரியாத்தானே சொல்றாரு" என்றார் மாமா கட்டிலிலிருந்து, யாரையோ சமாதானப்படுத்துவது போல.

மறுநாளிலிருந்து மருமகள் அவரைக் கவனித்துக்கொண்ட விதத்தைப் பார்த்து அத்தைக்கே கண் கலங்கியது. அதுவரைக்கும் வேலையாகச் செய்தவள் இப்போது வெறியாகச் செய்தாள். கஞ்சியில் உப்பை அளந்து போட்டாள். மாத்திரையை அத்தை கையில் விடவில்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க, சமையலுக்கு நடுவே ஓடிவந்து புரட்டிப் படுக்கவைத்தாள். நாக்கு தடித்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சில் சத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரிடம் அவள் கேட்ட கேள்விகளில் டாக்டர் மிரண்டார். அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம், "பெத்த பொண்ணுகூட இப்படிப் பார்க்க மாட்டா. வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்" என்று சொன்னது பின்கட்டுவரை கேட்டது. மருமகள் 'கசின் பிரதர்' என்று எழுதிய தாசில்தார் ஒருவரை அப்போது தாளித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

காலையிலும் மாலையிலும் நடை. இடுப்பில் துணிப்பட்டையைக் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, முன்னறையிலிருந்து பின்கட்டுச் சுவர்வரை அவரை நடத்துவாள். வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும்.

"போதும்மா" என்பார்.

"இன்னும் ஒரு நடை."

"மூச்சு வாங்குது."

"வாங்கட்டும். வாங்குறதுதான் வேணும்."

ஒரு மாலை, சுவரருகே போய் நின்றதும் அவர் திரும்பவில்லை. நல்ல கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றார். இஸ்திரி மேசையில் அந்த வாரக் கேள்விகள் கட்டாகக் கிடந்தன. அவற்றை அவர் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"நான்... உன்னை நல்லா பார்த்துக்கலையேம்மா. நீ ஏன் எனக்காக இவ்வளவு கஷ்டப்படுற?"

வாய்க்குள் ஒரு பதில் தயாராக வந்து நின்றது, பக்கத்தில் அச்சேறத் தகுந்த பதில். அதை அவள் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

"நீங்க இருக்கணும் மாமா. எனக்கு நீங்க வேணும்."

அவர் உதடு கோணியது. கண்ணீர் வலது கன்னத்தில் இறங்கியது. அந்தக் கன்னத்தில் எதுவும் உணராததால் அவருக்கே அது தெரியவில்லை. தன்னை ஒருவர் மன்னித்து, நேசிக்கவும் செய்கிறார் என்று நம்பிய முகம். இவ்வளவு எளிதாக நம்பிவிடுகிற ஆளிடமா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்று அவளுக்குத் தோன்றியது. துண்டின் நுனியால் கன்னத்தைத் துடைத்தாள், அழுத்தமாக, ஒரு கறையைத் துடைப்பது போல. பிறகு இடுப்புப் பட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"திரும்புங்க" என்றாள். "இன்னும் ஒரு நடை."